வார்டில் மிஞ்சிய பழுப்பு

ஓவியர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பை சப்பையாகத் தோளில் தொங்கும். திரும்பி வரும்போது புடைத்திருக்கும். உள்ளே வண்ணப் புட்டிகள். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, எப்போதாவது நல்ல நீலம். மனைவி வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டுபோய் மாடி அறை அலமாரியில் அடுக்குவாள். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை, இதெல்லாம் ஆஸ்பத்திரியோடது இல்லையா என்று கேட்டாள். அங்கே இருந்தால் நோயாளிகள் விரலை விட்டுக் கலக்கிச் சேறாக்கிவிடுவார்கள் என்றார் அவர். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

திருடுகிறோம் என்று தெரிந்து அவர் எடுத்துவரவில்லை. தெரிந்து எடுத்திருந்தால் ஒரு திருடனுக்குக் கொடுக்கிற மரியாதையையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம். நல்ல வண்ணம் நல்ல கைக்கு வந்து சேர்கிறது என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

கலைக் கல்லூரியில் இரண்டாம் வருடம் வரை அவர் மனிதர்களைத்தான் வரைந்தார். விரல்கள் மட்டும் வராது. அவர் வரைந்த பெண்கள் எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் சட்டைப் பைக்குள் கைவிட்டிருந்தார்கள். ஒரு படத்தில் ஒருவன் கைகளை வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தான். மூன்றாம் வருடம், உருவம் என்பதே ஒரு சிறை என்று அறிவித்துவிட்டு அரூப ஓவியத்துக்கு வந்துவிட்டார். ஆசிரியர்களுக்கும் நிம்மதியாகப் போயிற்று.

அதிலிருந்து அவர் வரைந்தது ஒரே படம்தான். முழுக்கச் சிவப்பு. குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை. பட்டைமேல் சீப்பால் இழுத்த கோடுகள். சின்னதாக வரைவார், பெரியதாக வரைவார், ஒரு சமயம் கதவளவுக்கு வரைந்தார். எல்லாவற்றுக்கும் 'உள்வெளி' என்று பெயர், பக்கத்தில் ஒரு எண். இரண்டு குழுக் கண்காட்சிகளில் வைத்தார்கள். ஒரு வங்கியின் கூடத்தில் தனிக் கண்காட்சி நடந்தது. அங்கே படங்களுக்குக் கீழேதான் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்ததில் படங்களின் அடியில் தலையெண்ணெய் ஏறிவிட்டது. பார்வையாளர் படைப்புக்குள் நுழைந்த தருணம் என்று ஓவியர் ஒரு பேட்டியில் சொன்னார். பேட்டி எடுத்தவர் அதை அப்படியே போட்டார். தெருவில் மட்டும் அவர் 'பெயிண்டர் சார்'தான். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டைக் காட்டி, இரண்டு கோட்டு அடிக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். ஓவியர் ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தார்.

படம் விற்கவில்லை. தபாலில் ஒரு குறுகிய படிப்பு படித்துக் கலைச் சிகிச்சையாளர் ஆனார். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அப்படி ஒருவர் இருந்தால்தான் ஏதோ அங்கீகாரம் நீடிக்கும். அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, இவருக்கு வேலை வேண்டியிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் அதிகம் விசாரிக்கவில்லை.

வார்டில் அவருடைய முறை எளிமையானது. நோயாளிகளை நீள மேஜையைச் சுற்றி உட்காரவைப்பார். "உங்களைக் கூப்பிடற வண்ணத்த எடுங்க" என்பார். அலமாரியில் பழுப்பும் சாம்பலும் ஓர் இருண்ட பச்சையும் இருக்கும். கறுப்பு ஒரு புட்டி, மூடி திறக்காது. தர்மவான் ஒருவர் வருடாவருடம் பெட்டி நிறைய நல்ல வண்ணமாகத்தான் அனுப்பினார். பெட்டி பிரித்த அன்று சாயங்காலமே பை புடைத்துவிடும். ஆகவே நோயாளிகளைப் பழுப்பு கூப்பிட்டது, சாம்பல் கூப்பிட்டது. ஓவியர் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக, 'வெப்ப வண்ணங்களைத் தவிர்க்கிறார்' என்று எழுதினார். இந்த வார்டில் மனச்சோர்வு அசாதாரண ஆழம் கொண்டது என்று ஒரு கருத்தரங்கில் பேசவும் செய்தார். டாக்டர்கள் கைதட்டினார்கள்.

பையும் குறிப்பும் ஒரே மண்டைக்குள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்தன. நடுச்சுவரில் கதவு இல்லை.

இப்படியே அவர் ஓய்வு பெறும்வரை ஓடியிருக்கும். அந்த மழைக்காலத்தில் மனைவியின் தங்கை அதே வார்டில் வந்து சேர்ந்தாள்.

தங்கை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டில் அவளுக்கு விசில் என்று பெயர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து திட்டுவாள், அது காதில் விழும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அந்தத் தொண்டை அடங்கிவிட்டது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைத் தூக்கச் சொன்னால், கீழே போட்டுவிடுவேன் என்று கைகளை அக்குளுக்குள் சொருகிக்கொண்டாள். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். வார்டு விதிப்படி நாடா உள்ள எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி ஒரு உறைக்குள் போட்டு வைத்தார்கள். வீட்டு மனுஷரே அங்கே இருப்பது அதிர்ஷ்டம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஓவியர் தலையை லேசாக அசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது. தூக்கம் வந்தது, பசி வந்தது. மெல்ல மெல்லக் குழந்தையைக் கேட்க ஆரம்பித்தாள். குழந்தை அவள் மாமியாரிடம் இருந்தது. புருஷன் போனில் எடுத்துவந்து காட்டுகிற படங்களில் அது யாருடைய குரலுக்கோ தலையைத் திருப்பிச் சிரித்தது. அந்தக் குரல் தன்னுடையது இல்லை என்பதுதான் அவளுக்கு இப்போது இருந்த ஒரே நோய். வீட்டுக்குப் போனால் தீர்ந்துவிடும்.

நோயாளிகளை வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் பெரிய டாக்டர், நர்ஸம்மா, ஓவியர் மூவரும் உட்காருவார்கள். எடை சரி, தூக்கம் சரி என்று நர்ஸம்மா ஒரு வரியில் சொல்வாள். ஓவியர் இரண்டு பக்கம் வாசிப்பார். நீளமாக இருப்பதைத்தான் டாக்டர் நம்பினார். நோயாளி இன்னும் வாழ்க்கைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கிறார், வெப்ப வண்ணங்களைத் தொடவில்லை. முதல் கூட்டத்தில், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார்கள். புருஷன் கெட்டவன் இல்லை, பயந்தவன். ஆஸ்பத்திரியே இப்போது அனுப்ப வேண்டாம் என்னும்போது குழந்தையை எப்படிக் கொடுப்பது என்று அவள் அக்காவிடம் போனில் அழுதான்.

அக்கா, அதாவது ஓவியரின் மனைவி, பார்வை நேரத்தில் சாப்பாடு கொண்டுபோவாள். மழையில் வார்டுச் சுவர் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தங்கை கட்டிலில் சம்மணம் போட்டுச் சோற்றைப் பெரிய பெரிய உருண்டையாக விழுங்கினாள். உடம்பு தேறியவளின் சாப்பாடு.

"அக்கா, மாமா என்னப் பத்தி என்ன எழுதறாரு?"

"எனக்கெப்படிடி தெரியும்" என்றாள் அக்கா. தெரியும். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுவார்.

"நர்ஸம்மா சொன்னாங்க. நான் சிவப்பு எடுக்கவே மாட்டேங்கறேனாம்."

"எடுக்க வேண்டியதுதானே. ஒரு தடவ எடுத்துப் பூசிட்டா முடிஞ்சுது."

தங்கை சாப்பிடுவதை நிறுத்தினாள். "அங்க சிவப்பே இல்லக்கா. பழுப்பு இருக்கு, சாம்பல் இருக்கு. இல்லாதத எங்கேர்ந்து எடுக்கறது? என் வயித்துலேர்ந்தா?"

அக்கா டப்பா மூடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"உன் கட்டவெரல் நகத்தப் பாரு" என்றாள் தங்கை.

பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. காலையில் அவருடைய பிரஷ்களைக் கழுவியபோது நகக்கண்ணில் ஏறிய சிவப்பு அது. எந்தச் சோப்புக்கும் போகாது. பல வருடங்களாக அது அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் அவள் மாடிக்குப் போய் ஒரு புட்டியைத் திறந்து, சின்ன எவர்சில்வர் டப்பாவில் பாதிக்குச் சிவப்பை ஊற்றினாள். வார்டு வாசலில் நர்ஸம்மா பையைச் சோதித்தாள். பிளேடும் கயிறும் தேடுவதுதான் அவள் வேலை. டப்பாவைத் திறந்து, சாஸா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் இவள். நர்ஸம்மாவுக்கு மூக்கு இருந்தது, அந்த வாடையைத் தினமும் முகர்ந்திருக்கிறாள். என்னத்துக்கு வம்பு என்று மூடிக் கொடுத்துவிட்டாள். அந்த வார்டில் எல்லாமே அப்படித்தான் நடந்தது.

தங்கை சந்தோஷமாக வரைந்தாள். பல வாரங்களாகச் சாம்பலைப் பூசிப் பூசி வெறுத்தவள், சிவப்பைக் கையாலேயே அள்ளித் தாள் முழுக்க அப்பினாள். அதைப் பார்த்த பக்கத்து நாற்காலி அம்மாள் தனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கி ஒரு பூ போட்டாள். மேஜையைச் சுற்றிச் சிரிப்புச் சத்தம் கேட்டது. தன் காலத்தில் அந்த வார்டில் நடந்த ஒரே சிகிச்சையை ஓவியர் கதவோரம் நின்று கவலையோடு கவனித்தார்.

ராத்திரி தட்டின் முன்னால் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"இன்னிக்கு உன் தங்கச்சி வெடிச்சிட்டா."

"வெடிச்சிட்டாளா?"

"தாள் பூரா சிவப்பு. கையால அடிச்சு அடிச்சுப் பூசியிருக்கா. அடக்கி வெச்ச வன்மம். இந்த நெலமையில பச்சக் கொழந்தை பக்கத்துல விடறது ஆபத்து. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

மனைவி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். அவரை எதிர்த்து அவள் பேசுவது அபூர்வம். பழக்கமில்லாததால் குரல் கோணலாக வந்தது.

"சிவப்பு எடுக்கலன்னா வாழ்க்கை பிடிக்கல. எடுத்தா கொலகாரி. அவ என்னதாங்க எடுக்கணும்?"

"வண்ணம் மட்டும் இல்ல. அது தாள்ல எப்படி உக்காருதுங்கறதுதான் விஷயம். உனக்கு இது புரியாது."

"அந்தச் சிவப்பு எங்கேர்ந்து வந்துதுன்னு யோசிச்சீங்களா?"

"உள்ளேர்ந்து வந்துது."

"மாடி அலமாரியிலேர்ந்து வந்துது. நாந்தான் டப்பாவுல ஊத்திக் குடுத்தேன். நீங்க வார்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தது."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். ஒரு கணம், அந்த நடுச்சுவரில் ஒரு செங்கல் ஆடியது என்றுதான் அவள் நினைத்தாள். அவர் தண்ணீர் குடித்தார். பேனாவை எடுத்தார்.

"அப்ப அவ உன்னோட கோபத்தையும் சேத்து வாங்கிப் பூசியிருக்கா" என்றார். "முக்கியமான விஷயம். நல்லவேள சொன்னே." ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டார்.

பெரிய டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று மனைவி முடிவு செய்தாள். மறுநாள் அவர் அறை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே டாக்டர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். வேலை போகும். வீட்டுக்கு வாடகை, தனக்குப் புடவை, மாடியில் தினமும் எரியும் விளக்கு எல்லாம் அந்த வேலையில்தான் ஓடின. 'உள்வெளி' எதையும் ஓட்டவில்லை. டாக்டர் பழத்தைத் தின்று முடித்துக் கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் பெஞ்சில் இல்லை.

"டாக்டர் ரொம்ப பிஸிடி" என்றாள் தங்கையிடம்.

தங்கை சிரித்தாள். வார்டுக்கு வந்தபிறகு அக்காவைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "நான் சொல்லலன்னு சொல்லேன். டாக்டர் மேல ஏன் பழி போடற."

அக்கா அழப் பார்த்தாள். அழாதே, நர்ஸம்மா உன்னையும் ஒரு கட்டிலில் போட்டுவிடுவாள், அப்புறம் மாமா உன்னையும் பழுப்பில் மூழ்கடிப்பார் என்றாள் தங்கை.  பிறகு மைதானத்தில் ஆட்டக்காரர்களைப் பிரித்து நிறுத்தும் குரலில், அடங்கியிருந்த அந்தப் பழைய குரலில், கேட்டாள்.

"மாமா இத்தன வருஷமா எந்தப் படத்தப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காரு?"

அக்கா யோசித்தாள். "அவரோடதத்தான்."

"அத எப்படிப் பண்ணுவாரு?"

"எத?"

"அதான், உங்க ஹால்ல மாட்டியிருக்கே. கண்ணு கூசுமே, அது."

அக்காவுக்குத் தெரியும். அத்தனை வருடம் வாளியும் துணியுமாகப் பக்கத்தில் நின்றவள். சமையல் சொல்லித்தருகிற மாதிரி சொன்னாள். "மொதல்ல சிவப்ப நல்லா இழச்சு விடணும். கட்டி இருக்கக் கூடாது. பாதி காயறப்ப ஈரத்துணியால ஒத்தி எடுக்கணும். தேய்ச்சிராத, தேய்ச்சா கெட்டுப் போயிரும். அங்கங்க திட்டுத்திட்டா வெளுக்கும், அதுதான் ஆழம்பாரு. அப்புறம் மஞ்சள். எடது ஓரத்துல ஆரம்பிச்சு அட்டையோட விளிம்பால ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தினா அன்னிக்குப் பூரா சோறு எறங்காது அவருக்கு. மஞ்சள் காயறதுக்குள்ள சீப்பு."

"எந்தச் சீப்பு?"

"பேன் சீப்பு இல்ல. அகலப்பல்லு."

"அவ்வளவுதானா?"

"ஓரத்துல ஒரு எடத்துல மட்டும் வெரல வெச்சு அழுத்துவாரு. மௌனம்னு சொல்வாரு அத."

"மௌனத்த மறந்துராம ஞாபகப்படுத்து" என்றாள் தங்கை.

அடுத்த தடவை டப்பாவில் ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் மஞ்சளும் போயின, நடுவில் ஒரு அட்டைத் தடுப்போடு. தடுப்பைத்தான் தங்கை பிறகு பட்டை இழுக்க வைத்துக்கொண்டாள். சீப்பு அவளுடையதே.

வகுப்பில் அவள் அவசரப்படாமல் செய்தாள். இழைத்தாள், ஒத்தினாள், ஒரே இழுப்பில் இழுத்தாள். கடைசியில் ஓரத்தில் விரலை வைத்து மௌனத்தை அழுத்தினாள். ஓவியர் மேஜையைச் சுற்றி வந்து அவள் பின்னால் நின்றார். நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. பக்கத்து அம்மாள் பயந்துபோய்த் தன் பிரஷைக் கீழே வைத்துவிட்டாள்.

"எப்படித் தோணிச்சு இது?" என்று கேட்டார்.

"தெரியல மாமா. உள்ளேர்ந்து வந்துது."

அந்த வாரக் கூட்டத்தில் அவர் மூன்று பக்கம் வாசித்தார். கொந்தளிப்பு ஒழுங்குக்குள் வந்துவிட்டது, மஞ்சள் கிழக்கு திறந்துவிட்டது, நோயாளி தன்னைக் கண்டுகொண்டார். பக்கம் கூடியிருந்ததால் டாக்டர் உடனே கையெழுத்துப் போட்டார். உறையிலிருந்து விசிலை எடுத்துக் கொடுத்தார்கள். நோயாளியின் படம் நோயாளிக்கே சொந்தம் என்பது விதி. ஓவியர் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான். மற்றவர்களின் பழுப்பைச் சுமந்துபோக அவருக்கும் ஆசை இருந்ததில்லை. படம் தங்கையோடு வீட்டுக்குப் போயிற்று.

மழை விட்டபின் ஓவியரின் புதிய கண்காட்சி நிச்சயமாயிற்று. பெரிய டாக்டர்தான் திறந்து வைக்கிறார். தன் படங்களுக்கு நடுவில் மச்சினியின் படத்தையும் மாட்டி, சிகிச்சையின் சாட்சி என்று கீழே எழுதலாம் என்று ஓவியருக்குத் தோன்றியது. படத்தை வாங்கிவர மனைவியோடு கிளம்பினார். நான்தான் வாங்கிவருகிறேனே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கலைஞன் நேரில் கேட்பதுதான் மரியாதை என்றார்.

தங்கை வீட்டில் குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. இரும்புக் கால் வைத்த தொட்டில். மூத்த பையன் பந்தைச் சுவரில் அடித்தான். அவள் விசிலை வாய்வரை கொண்டுபோய், தொட்டிலைப் பார்த்து, ஊதாமல் கண்ணை உருட்டினாள். பந்து நின்றது. வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். ஓவியர் நான்கு சுவரையும் பார்த்தார். ஒரு காலண்டரும் கண்ணாடியும் இருந்தன. கழுத்தை நீட்டி உள்ளறைச் சுவரையும் பார்த்தார்.

"அந்தப் படம் எங்கம்மா?"

"உபயோகத்துல இருக்கு மாமா."

"உபயோகத்துலயா?"

அவள் டீத்தம்ளரால் கீழே காட்டினாள். தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. தொட்டிலின் ஒரு காலுக்கு அடியில், நாலாக மடித்து, மறுபடி மடித்து, அந்தப் படம் இருந்தது. நல்ல கெட்டித்தாள். மஞ்சள் பட்டையின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

"அத எடுத்தா தொட்டில் ஆடும். கொழந்த முழிச்சிரும்" என்றாள். கிளம்பும்போது அக்காவின் கையில் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தாள். "உன்னோடது. கழுவல."

 வாசல்வரை அவள் வரவில்லை.

பஸ்ஸில் ஓவியர் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மனைவி டப்பாவை மடியில் வைத்திருந்தாள். அவர் முகத்தில் அடி விழுந்ததன் தடம் எங்காவது இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் தேடினாள். அவர் திரும்பினார். முகம் பளிச்சென்று இருந்தது.

"கவனிச்சியா? செவுத்துல மாட்டல. கொழந்தைக்கு அடியில வெச்சிருக்கா."

"ம்."

"அடித்தளம். அவளோட புது வாழ்க்கையையே அது மேல நிறுத்தியிருக்கா. அவளுக்கே தெரியாமச் செஞ்சிருக்கா பாரு, அதுதான் இதுல அழகு. திறப்பு விழாவுல இதப் பேசணும்."

"பேசுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தாள். அடியில் சிவப்பும் மஞ்சளும் காய்ந்து, தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தன. குழாயடிக்குக் கொண்டுபோனவள் தண்ணீரைத் திறக்கவில்லை. திரும்பிவந்து அதிலேயே சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, அழுத்தி மூடி அவர் பையில் போட்டாள்.

சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பி வந்தது. குழம்பு நன்றாக இருந்தது என்றார். பை புடைத்திருந்தது.